ஊர் மாறிய இரண்டு முந்திரிகைகள்

ஊரை விட்டு வெளிக்கிடும்போது ஈரச் சாக்கில் சுற்றி ஒரு கொடித்தடியை எடுத்துச் சென்றவர்களுக்கு ஒரு கேள்வி எப்போதும் இருக்கும். இந்த மண்ணில் இது பிடிக்குமா? பிடித்தாலும் பழைய சுவையைத் தருமா? இக்கேள்விக்கு இரண்டு முந்திரிகை இனங்களின் கதை நல்ல பதிலைத் தருகின்றது. ஒன்று மல்பெக், மற்றையது கார்மெனேர். இரண்டும் சிவப்பு வைன் செய்யப் பயன்படும் கறுப்பு முந்திரிகைகள். குடியைப் புகழ்வது எமது நோக்கமன்று. ஒரு பயிரின் குணம் எங்கிருந்து வருகின்றது என்பதே நாம் பார்க்கப்போவது.

பிறந்த மண்

இரண்டுமே பிரான்சின் தென்மேற்குப் பகுதியைச் சேர்ந்தவை. போர்டோ என்னும் பெயர்பெற்ற முந்திரிகைப் பிரதேசத்தில் ஒரு காலத்தில் இரண்டும் செய்கை பண்ணப்பட்டன. அங்கே மழையும் குளிரும் அதிகம். பூக்கும் காலத்தில் குளிர் மழை பெய்தால் இரண்டினதும் பூக்கள் உதிர்ந்துவிடும். குலையில் காய் பிடிக்காது. ஆகவே "நம்ப முடியாத கொடிகள்" என்ற பெயரை இரண்டும் எடுத்தன.

1860களில் வட அமெரிக்காவிலிருந்து பிலொக்சரா என்னும் பூச்சி பிரான்சுக்கு வந்து சேர்ந்தது. இது எமது தோட்டங்களில் காணும் அழுக்கணவனுக்கு உறவான சிறு பூச்சி. வேரிலிருந்து சாற்றை உறிஞ்சிக் கொடியைக் கொல்லும். தோட்டங்கள் அழிந்தன. அமெரிக்கக் கொடிகளின் வேர்க்கட்டையில் ஒட்டுக்கட்டியே மீண்டும் நட முடிந்தது. அப்படி நட்டபோது செய்கையாளர் நிச்சயமாகக் காய்க்கும் இனங்களையே தெரிந்தெடுத்தார்கள். கார்மெனேர் கைவிடப்பட்டது. மல்பெக் ஓரளவு தப்பியது. ஆனால் 1956 பெப்ரவரியில் வந்த கடும் உறைபனி போர்டோவில் அதன் பெரும்பகுதியை அழித்துவிட்டது.

மல்பெக்: மலையடிவாரத்தில் மலர்ந்தது

இதற்கு நூறு வருடங்களுக்கு முன்னரே இக்கொடிகளின் தடிகள் கடல் கடந்திருந்தன. 1853இல் ஆர்ஜென்டீனாவின் மென்டோசாவில், பிரெஞ்சு விவசாய வல்லுநர் மிஷேல் எமே பூஜே என்பவரின் பொறுப்பில் ஒரு விவசாயப் பண்ணையும் பாடசாலையும் அமைக்கப்பட்டன. அவர் கொண்டுவந்த கொடிகளில் மல்பெக்கும் ஒன்று.

மென்டோசா அன்டீஸ் மலையடிவாரத்தில் உள்ள வறண்ட பூமி. வருடத்துக்கு ஏறக்குறைய 200 மில்லிமீற்றர் மழையே கிடைக்கும். இது யாழ்ப்பாணத்து மழையில் ஆறில் ஒரு பங்களவே. மலையில் பனி உருகி வரும் நீரை வாய்க்கால்வழி பாய்ச்சுகின்றார்கள். கடல்மட்டத்திலிருந்து 600 முதல் 1,500 மீற்றர் வரை உயரமான நிலம். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். பகல் வெயில் பழத்தில் இனிப்பையும் நிறத்தையும் சேர்க்கும். இரவுக் குளிர் புளிப்பைக் காக்கும். ஆலங்கட்டி மழைதான் அங்குள்ள பெரும் பயம். அதற்காகத் தோட்டங்களுக்கு மேல் வலை கட்டுகின்றார்கள்.

பிரான்சின் காஓர் பகுதியில் இன்றும் மல்பெக் உண்டு. அங்கே அதிலிருந்து வரும் வைன் கறுத்தது, துவர்ப்பு மிகுந்தது. மென்டோசாவில் வருவது அதே கருநாவல் நிறந்தான். ஆனால் துவர்ப்பு மென்மையானது. பழுத்த பிளம் பழத்தின் சுவையும், சில இடங்களில் வயலெற் பூவின் மணமும் இருக்கும். கொடி ஒன்றுதான், நிலம் வேறு.

கார்மெனேர்: பெயர் தெரியாமல் வாழ்ந்தது

கார்மெனேர் அன்டீஸ் மலையின் மறுபக்கத்திலுள்ள சிலி நாட்டுக்கு 19ஆம் நூற்றாண்டில், பிலொக்சரா பரவுமுன், போய்ச் சேர்ந்தது. ஒருபுறம் மலை, மறுபுறம் சமுத்திரம், வடக்கே பாலைவனம். பிலொக்சரா அங்கே கால்வைக்கவில்லை. கோடையில் மழையின்மையால் பூவும் தங்கியது. ஆனால் வேறொரு துன்பம் நேர்ந்தது. மெர்லோ என்னும் இனத்துடன் அது கலந்து நடப்பட்டது. இரண்டின் இலையும் ஏறக்குறைய ஒன்று போலிருக்கும். காலப்போக்கில் எல்லாமே மெர்லோ என்று அழைக்கப்பட்டன.

கார்மெனேர் மெர்லோவை விட மூன்று முதல் ஐந்து கிழமை பிந்தியே பழுக்கும். செய்கையாளரோ மெர்லோ பழுத்தவுடன் எல்லாவற்றையும் ஒன்றாக அறுத்தார்கள். முற்றாத கார்மெனேரில் பச்சைக் கறிமிளகாயின் வாசனை தூக்கலாக இருக்கும். அந்த வாசனை வைனிலும் ஏறியது. பழியோ மெர்லோவின் மேல் விழுந்தது.

1994 நவம்பர் 24ஆம் திகதி, சிலியின் மைப்போ பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்தைப் பார்க்க வந்த பிரெஞ்சு முந்திரிகை ஆய்வாளர் ஜோன் மிஷேல் பூர்சிக்கோ, "இது மெர்லோ அல்ல, கார்மெனேர்" என்று இனங்கண்டார். பிரான்சில் மறைந்துபோனதாகவே எண்ணப்பட்ட இனம் அது. 1998இல் சிலி விவசாயத் திணைக்களம் அதைத் தனி இனமாக ஏற்றது. பின்னர் செய்கையாளர் அதைத் தனியே பிரித்து, பிந்தி அறுக்கத் தொடங்கினார்கள். கறிமிளகாய் வாசனை அடங்கி, சிவந்த பழச்சுவையும் மிளகுக் காரமும் இலேசான புகைமணமும் முன்னுக்கு வந்தன.

நாவில் உள்ள வேறுபாடு

இரண்டையும் அருகருகே வைத்தால் மல்பெக் முதலில் பழமாகவே பேசும். வாயை நிரப்பும் தடிப்பு அதற்கு உண்டு. கார்மெனேரில் பழத்தோடு இலையின் பசுமையும் மிளகும் தெரியும். துவர்ப்பு குறைவு, புளிப்பும் குறைவு. மல்பெக் உறைபனிக்குப் பயந்தது. கார்மெனேருக்கு வேண்டியது நீண்ட வெயிற்காலமும் பொறுமையும். நீர் அதிகம் பாய்ச்சினால் அதன் பச்சை வாசனை கூடிவிடும்.

எமது தோட்டத்துக்கு

இவை குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் கொடிகள். இவற்றை எமது வெப்பத்தில் நடும்படி சொல்லவில்லை. ஆனால் மூன்று விடயங்கள் எந்தப் பயிருக்கும் பொருந்தும்.

முதலாவது, கொண்டுவரும் தடிக்கும் விதைக்கும் அன்றே பெயரும் ஊரும் எழுதிக் கட்டுங்கள். பெயர் தொலைந்தால் சிலியில் நடந்ததுதான் நடக்கும்.

இரண்டாவது, முந்திப் பழுப்பதையும் பிந்திப் பழுப்பதையும் கலந்து நடவேண்டாம். நட்டிருந்தால் தனித்தனியே அறுங்கள்.

மூன்றாவது, ஓரிடத்தில் காய்க்காத பயிரை உதவாதது என்று தள்ளிவிட வேண்டாம். போர்டோவில் பூவுதிர்த்த கொடிகளே மென்டோசாவிலும் மைப்போவிலும் குலை தள்ளி நிற்கின்றன. புது நிலத்தின் வெயிலையும் நீரையும் இரண்டு மூன்று போகம் கவனித்துக் குறித்து வையுங்கள். அதன்பின் கொடியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம்.