ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எவ்வளவு கடல்நீர்?

தண்ணீரைப் பிரித்துத்தான் பசுமை ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். குடிக்கவே தண்ணீர் போதாதபோது இது சரிதானா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் தேட நல்ல இடம் சவூதி அரேபியா. அங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. செங்கடல் கரையில் நியோம் பகுதியில் எழும்பும் ஆலை, நாளொன்றுக்கு 600 டன் வரை ஹைட்ரஜன் எடுக்கும் திட்டத்துடன் கட்டப்படுகிறது. தண்ணீர் கடலிலிருந்து; மின்சாரம் சுமார் 4,000 மெகாவாட் சூரிய ஒளி, காற்றாலைகளிலிருந்து. பகலில் வெயிலும் இரவில் காற்றும் வாய்த்த கரை அது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் தூய நீர் வேண்டும். இது வேதியியல் விதித்த அளவு, குறைக்க வழியில்லை. சுத்திகரிப்பில் கழிவதையும் குளிரூட்டலையும் சேர்த்து 30 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். கடல்நீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தி 1,000 லிட்டர் நன்னீர் எடுக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போதும். அப்படியானால் 30 லிட்டருக்கு அரைக்கால் யூனிட்கூடத் தேவையில்லை. ஆனால் ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்க, தண்ணீரை மின்சாரத்தால் பிளக்கும் எலக்ட்ரோலைசருக்கு 50 முதல் 55 யூனிட் வேண்டும்! உப்பை நீக்கும் செலவு இதில் தூசு. ஹைட்ரஜனின் விலை மின்சாரத்தின் விலையில்தான் நிற்கிறது.

கடல்நீரை அப்படியே எலக்ட்ரோலைசருக்குள் விட்டால் என்ன? உப்பிலுள்ள குளோரைடு, நேர்மின்வாயில் குளோரின் வாயுவாக மாறி உலோகத்தை அரிக்கும். எதிர்மின்வாயில் மெக்னீசியமும் கால்சியமும் படிந்து அடைத்துக்கொள்ளும். இதைத் தாங்கும் மின்வாய்களுக்காக ஆய்வுகள் நடக்கின்றன. உப்பை நீக்குவது இவ்வளவு மலிவாக இருக்கையில், பெரிய ஆலைகள் அந்த வழிக்கு அவசரப்படத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

கிடைத்த ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். ஹைட்ரஜனிலிருந்து ஆக்கும் அம்மோனியாவுக்கு மைனஸ் 33 போதும். அதனால் நியோமில் ஹைட்ரஜனை அம்மோனியாவாக்கிக் கப்பலில் அனுப்பத் திட்டம்.

தண்ணீர்ப் பஞ்சத்தைவிட எனக்குக் கவலை தருவது, திரும்பக் கடலுக்குப் போகும் நீர். உள்ளே இழுக்கும் கடல்நீரில் பாதிக்கும் மேல், அடர்ந்த உப்புநீராக வெளியேறுகிறது. உப்பு மிகுந்த நீர் கனமானது. கலக்காமல் கொட்டினால் கடலடியில் தேங்கி, பவளங்களையும் அடிமட்ட உயிர்களையும் வருத்தும். செங்கடல் ஏற்கெனவே பெரும்பாலான கடல்களைவிட உப்பு கூடியது; அதன் வடபகுதிப் பவளங்கள் வெப்பத்தைத் தாங்குவதால் உலகமே பாதுகாக்க விரும்புபவை.

நம் கரைக்கும் இந்தக் கவலை உண்டு. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025இல் சிறிய பசுமை ஹைட்ரஜன் சோதனை ஆலை தொடங்கப்பட்டது. பக்கத்திலேயே மன்னார் வளைகுடாவின் பவளத் தீவுகள். தூத்துக்குடியில் பெரிய ஆலைகள் கடல்நீரை நம்பி வருமானால், உப்புநீர்க் குழாய் எங்கே முடிகிறது, எந்த வேகத்தில் கலக்கிறது, சுற்றிலும் உப்பளவு எவ்வளவு என்பதை மாதந்தோறும் அளந்து, அந்தக் கடலில் வலை வீசும் மீனவர்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.