நாட்காட்டியில் ஒரு நாள்

எங்கள் வீட்டுக் கூடத்தில், நாள்தோறும் ஒரு தாளைக் கிழிக்கும் நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. திதி, நட்சத்திரம், இராகு காலம், எமகண்டம் ஆகிய யாவும் அதில் உண்டு. ஆனால் அதே நாளில் முன்னர் என்ன நிகழ்ந்தது என்பதை அது சொல்வதில்லை. அதை நாமேதான் நினைவில் எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வாறு எழுதிக்கொள்ளத் தக்க நாள்களுள் ஒன்றாகிய நவம்பர் 23-ஆம் தேதியைப் பற்றி இன்று சிறிது சொல்ல விரும்புகிறேன்.

உலகத்தார் அனைவர்க்கும் உரிய செய்திகள் இரண்டினை முதலில் கூறிவிடுகிறேன். 1887-ஆம் ஆண்டு இந்நாளில்தான் இங்கிலாந்தில் ஹென்றி மோஸ்லி பிறந்தார். தனிமங்களை வரிசைப்படுத்துவதற்கு அணு எண்ணே உண்மையான அடிப்படை என்று எக்ஸ் கதிர்களைக் கொண்டு நிறுவிய அறிஞர் அவர். முதல் உலகப் போரில் கலிப்போலிப் போர்க்களத்தில் இருபத்தேழாம் வயதிலேயே உயிர் நீத்தார். 1937-ஆம் ஆண்டு இதே நாளில், கிரிடி என்னும் ஊரில் ஜகதீச சந்திர போஸ் மறைந்தார். செடிகொடிகளின் உணர்ச்சியை நுண்ணிய கருவிகளால் அளந்து காட்டியவர் என்றே அவரைப் பலரும் அறிவர். கம்பியின் துணையின்றி மின்காந்த அலைகளைச் செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்து கல்கத்தா மக்களை வியக்க வைத்தவரும் அவரே. வானொலியில் பேசுகிறவன் அவரை வணங்காமல் மேலே செல்வது முறையாகாது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி, மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. குமரி மாவட்டம் நம்மோடு இணைந்தது. மலபார் பிரிந்து கேரளத்தோடு சேர்ந்தது. பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். புதிய எல்லைகளைப் பற்றிய பேச்சு ஓய்வதற்குள், மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அரியலூரின் பெயர் நாடெங்கும் துயரத்தோடு உச்சரிக்கப்பட்டது.

சென்னை எழும்பூரிலிருந்து முந்தைய இரவு புறப்பட்ட தூத்துக்குடி விரைவு வண்டி, அரியலூரைக் கடந்து கல்லகம் நோக்கிச் சென்றது. இடையே மருதையாறு குறுக்கிடுகிறது. ஆண்டில் பல மாதங்கள் மணல் மட்டுமே தெரியும் சிற்றாறு அது. ஆனால் அன்று வடகிழக்குப் பருவமழையால் வெள்ளம் கரைபுரண்டு ஓடியது. பாலம் தகர்ந்தது. நீராவி எஞ்சினும் அதனைத் தொடர்ந்த பெட்டிகள் பலவும் ஆற்றில் வீழ்ந்தன. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் உறக்கத்தில் இருந்திருப்பர்.

இத்துணைச் சிறிய ஆறு இத்துணைப் பெரிய கேட்டினை எவ்வாறு செய்ய இயலும் என்று சிலர் வியப்பதுண்டு. வெள்ளத்தின் வலிமை நீரின் மேற்பரப்பில் மட்டும் இல்லை. தூண்களைச் சுற்றி நீர் சுழலும்போது அடிமண்ணை அரித்துக் குழி பறிக்கிறது. பாலத்தின் இருமுனைகளிலும் உள்ள மண்கரையையும் அவ்வாறே கரைக்கிறது. தண்டவாளம் மட்டும் பார்வைக்கு நேராகவே கிடக்கும். அதனைத் தாங்கும் மண்ணோ அடியில் இராது. இருளில் வரும் ஓட்டுநர் இதனை எங்ஙனம் அறிவார்? ஆகையால்தான் பாலத் தூண்களில் அபாய அளவுக் கோடு தீட்டப்படுகிறது. மழைக்காலத்தில் காவலர்கள் விளக்கும் கையுமாக இரவெல்லாம் பாதையோரம் நடக்கின்றனர். ஐயம் எழுந்தால், சக்கரம் ஏறியவுடன் வெடித்து எச்சரிக்கும் பட்டாசைத் தண்டவாளத்தின்மேல் வைத்து வண்டியை நிறுத்துகின்றனர்.

அப்பொழுது மத்திய இரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. சில மாதங்களுக்கு முன்னர்தான் மகபூப்நகரில் ஒரு பாலம் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். அப்பொழுதே அவர் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதனை ஏற்கவில்லை. அரியலூர்ச் செய்தி வந்ததும் மீண்டும் விலகல் கடிதம் கொடுத்தார். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி குற்றவாளி அல்லர் என்றும், பொறுப்புடைமைக்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காகவே ஏற்பதாகவும் நாடாளுமன்றத்தில் விளக்கினார். அடுத்த ஆண்டே சாஸ்திரி மீண்டும் அமைச்சரானார், 1964-இல் பிரதமரானார்.

ஒருவர் பதவி துறந்தமையால் மாண்டவர் மீண்டனரா என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்விதான். விலகல் கடிதம் பாலத்தைத் தாங்காது. ஆழமான அடித்தளமும் கண்விழித்த காவலுமே தாங்கும். ஆயினும், உயர்ந்த இடத்தில் இருப்பவர் தமக்கும் இதில் பொறுப்புண்டு என்று எண்ணும் துறையில்தான், கீழே விளக்கேந்தி நடப்பவரும் தம் பணியின் அருமையை உணர்வார் என்பது என் கருத்து. ஒன்றை விட்டு மற்றொன்று நில்லாது.

இந்த நாளுக்கு மற்றொரு முகமும் உண்டு. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001-ஆம் ஆண்டு சனவரி முதல் தேதி அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் இறுதியில் மீண்டும் பெரம்பலூரோடே இணைக்கப்பட்டது. பின்னர் 2007-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி அரியலூர் மீண்டும் தனி மாவட்டமாக மலர்ந்தது. விபத்து நடந்து சரியாக ஐம்பத்தோராண்டு நிறைந்த அதே நாள்! கங்கைகொண்ட சோழபுரத்தையும், பழங்காலக் கடலின் கிளிஞ்சல்கள் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் நிலத்தையும் தன்னகத்தே கொண்ட மாவட்டத்திற்கு அது பிறந்தநாள்.

நான் அவ்வழியே இரயிலில் செல்லும்போதெல்லாம், பாலத்தின்மீது சக்கரங்களின் ஓசை மாறுவதைக் கேட்டுச் சன்னலோரம் திரும்புகிறேன். உடன் வருவோர் பேச்சை நிறுத்துவதில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அச்சமின்றிப் பேசிக்கொண்டே பாலத்தைக் கடப்பதற்குத்தான் அத்தனை காவலும். ஆனால் மாவட்டத்தின் பிறந்தநாளைக் கொண்டாடும் நம் பிள்ளைகளுக்கு, அதே நாளில் ஊர் போய்ச் சேராத அந்தப் பயணிகளைப் பற்றியும் நாம் சொல்லி வைக்க வேண்டும். நாட்காட்டித் தாளைக் கிழிக்கும் முன் ஒரு நிமிடம் போதும்.