எழுத்து வகுப்பு எப்படி இயங்குகிறது? தோசை மாவை வைத்து ஒரு விளக்கம்

அமெரிக்காவில் பொறியியல் படிக்க வந்தாலும் நர்சிங் படிக்க வந்தாலும், முதல் வருஷத்தில் அநேகமாக எல்லோரும் உட்கார்ந்தாக வேண்டிய வகுப்பு ஒன்று உண்டு. ‘ஃபர்ஸ்ட் இயர் காம்போசிஷன்’ என்பார்கள். கட்டுரை எழுதப் பழக்கும் வகுப்பு. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1874-ல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை கேட்க ஆரம்பித்தது. சேர வந்த பையன்கள் எழுதியதைப் பார்த்துக் கவலைப்பட்டு, 1885-ல் ‘இங்கிலிஷ் ஏ’ என்ற பாடத்தை முதலாண்டுக்கே கொண்டுவந்தது. அதைப் பார்த்து மற்ற கல்லூரிகளும் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டன.

பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்த வகுப்பை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள் இல்லை, எம்.ஏ., பிஎச்.டி. படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள்தாம். ஆகஸ்டில் சில நாள் பயிற்சி. கையில் ஒரு மாதிரி சிலபஸ். அடுத்த வாரமே இருபது சொச்சம் பிள்ளைகள் முன்னால் போய் நிற்க வேண்டும். நானும் அப்படித்தான் போய் நின்றேன். ‘சார்’, ‘மேடம்’ எல்லாம் அங்கே கிடையாது. பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். பழக நாளாவது வேறொன்று: இந்த வகுப்பில் ஆசிரியரின் வேலை எங்கே இருக்கிறது என்பது.

இலக்கணம் சொல்லிக்கொடுத்து, கட்டுரை வாங்கி, சிவப்புப் பேனாவால் திருத்தித் தருவதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் உள்ளே போகிறார்கள். பல தலைமுறை அப்படித்தான் நடந்தது. புலிட்சர் பரிசு வாங்கிய பத்திரிகையாளரும் எழுத்து ஆசிரியருமான டொனால்ட் மரே 1972-ல் இதைத் தலைகீழாகத் திருப்பினார். முடிந்துபோன கட்டுரையை அறுத்துப் பார்த்து ஒருவனுக்கு எழுதக் கற்றுத்தர முடியாது. அது உருவாகிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். இன்றைய வகுப்பின் அமைப்பு முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. அது எப்படி இயங்குகிறது என்று சொல்ல எனக்குத் தோசை மாவைவிடப் பொருத்தமானது எதுவும் தெரியவில்லை.

முதலில் ஊறவைப்பது. அரிசி தனியாக, உளுந்து தனியாக. வகுப்பிலும் இரண்டு பாத்திரம். ஒன்றில் வாசிப்பு: மற்றவர்கள் எழுதியதைப் படித்துக் குறிப்பெடுப்பது. இன்னொன்றில் மாணவன் தன் மனதில் இருப்பதை நிறுத்தாமல், திருத்தாமல் பத்து நிமிஷம் எழுதித் தள்ளுவது. இதை ‘ஃப்ரீரைட்டிங்’ என்பார்கள். பீட்டர் எல்போ 1973-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு பரவலான பழக்கம். இரண்டையும் முதல் நாளே ஒன்றாகப் போட்டுவிட்டால் படித்த புத்தகத்தின் வாக்கியங்கள்தான் திரும்பி வரும். அடுத்து அரைப்பது, அதாவது முதல் டிராஃப்ட். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கெடு வைத்தால் எழுதிவிடுவார்கள்.

விஷயம் இருப்பது அதற்கப்புறம். மாவைப் புளிக்க வைப்பது நாம் இல்லை. அந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்கள் உளுந்தோடேயே வந்துவிடுகின்றன. அவை மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் வாயுவையும் விடுகின்றன. உளுந்தின் பிசுபிசுப்பு அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மாவு பொங்குகிறது. நம் பங்கு, பாத்திரத்தில் இடம் விடுவதும் சூடு குறையாமல் பார்த்துக்கொள்வதும்தான். சென்னையில் அதைக்கூடச் செய்ய வேண்டாம். அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் ஜனவரியில் அரைத்து வைத்தால், மறுநாள் காலையில் மாவு வைத்தது வைத்தபடியே கிடக்கும். அங்குள்ள தமிழ் வீடுகளில் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் போடாமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் எரியவிடுவார்கள். அந்த இளஞ்சூடு போதும். அவசரப்பட்டு ஓவனையே போட்டால் மாவு வெந்துவிடும்.

ஒரு டிராஃப்டுக்கும் அடுத்த டிராஃப்டுக்கும் நடுவில் ஆசிரியர் செய்யும் வேலை அந்த விளக்கின் வேலை. ஒரு மாணவனின் கட்டுரையை வைத்துக் காட்டுகிறேன்.

அவன் எடுத்துக்கொண்டது பள்ளிக்கூட மதிய உணவு. முதல் டிராஃப்ட், ஆதிகாலம் தொட்டே மனிதனுக்கு உணவு இன்றியமையாதது என்று ஆரம்பித்தது. இரண்டு பக்கம் ஊட்டச்சத்து. மூன்றாம் பக்கத்தில், நடுப்பத்தியில், ஒரே ஒரு வாக்கியம்: அவன் அம்மா பள்ளி கேன்டீனில் பில் போடுகிறவர், கணக்கில் பணம் இல்லாத பிள்ளையின் தட்டை வாங்கிக் குப்பையில் கொட்டிவிட்டு, ஆறிப்போன சீஸ் சாண்ட்விச் ஒன்றைக் கொடுக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு. அடுத்த வரியில் மறுபடி வைட்டமினுக்குப் போய்விட்டான்.

அந்த டிராஃப்டில் எழுத்துப்பிழை ஏராளம். எதையும் தொடவில்லை. அந்த ஒரு வாக்கியத்தின் அடியில் கோடு போட்டு, ஓரத்தில் இரண்டு கேள்வி மட்டும் எழுதினேன். கொட்டச் சொன்னது யார்? அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மா என்ன சொன்னார்?

இரண்டாவது டிராஃப்ட் பில் போடும் இடத்திலேயே தொடங்கியது. அம்மா வீட்டில் அதைப் பற்றிப் பேசியதே இல்லை என்று எழுதியிருந்தான். கோபம் முழுக்க நிர்வாகத்தின் மேல். தனியாகக் கூப்பிட்டு உட்கார்ந்து பேசும் ‘கான்ஃபரன்ஸ்’ நேரத்தில், அவர்கள் ஏன் அப்படி ஒரு விதி போட்டார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். நூலகத்துக்குப் போனான். வசூலாகாத பாக்கியை உணவுத் திட்டக் கணக்கிலிருந்தே ஈடுகட்டக் கூடாது என்பது மத்திய அரசின் விதி; பள்ளி வேறு பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். 2017 ஜூலை முதல், பாக்கியை எப்படிக் கையாள்வது என்று ஒவ்வொரு நிர்வாகமும் கொள்கை வகுத்து வைத்திருக்க வேண்டும் என்றும் ஆனது. பரிமாறிய சாப்பாட்டைப் பாக்கிக்காகக் கொட்ட வைப்பதைத் தடை செய்து நியூ மெக்சிகோ மாநிலம் சட்டம் போட்டதும் அதே 2017-ல்தான். இதெல்லாம் தெரிந்ததும் கோபம் குறையவில்லை; ஆனால் திசை மாறியது. பாக்கி பெற்றோரிடம் பேச வேண்டிய விஷயம், அதை வரிசையில் நிற்கும் பிள்ளையின் தட்டில் வைத்துத் தீர்க்கக் கூடாது, ஆகவே பில் போடும் வேலையையே சாப்பாட்டு வரிசையிலிருந்து அகற்றிவிடு என்பது மூன்றாவது டிராஃப்டின் வாதம். ஆதிகாலம் போயே போய்விட்டது. வைட்டமினும் போய்விட்டது. நான் அடிக்கச் சொல்லவில்லை.

அந்தச் சாண்ட்விச் அவனோடு வந்தது. நான் கொண்டுவந்து போட்டதில்லை. எழுதத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளோடு வேலை செய்கிற எவரும் இதைப் பார்த்திருப்பார்கள். நியூயார்க் சிட்டி காலேஜ் 1970-ல் எல்லோருக்கும் கதவைத் திறந்தபோது, அங்கே வந்து சேர்ந்தவர்களின் விடைத்தாள்களை ஆயிரக்கணக்கில் படித்த மினா ஷானசி, அவர்களுடைய பிழைகளுக்குள்ளும் ஒரு ஒழுங்கு, ஒரு காரணம் இருக்கிறது என்று காட்டி 1977-ல் புத்தகம் எழுதினார். புதிதாகப் பாடம் எடுக்கப் போகும் ஒவ்வொருவரும் அதை முதல் நாளுக்கு முன்னால் படித்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

புது ஆசிரியர்கள் கெடுப்பது கவனக்குறைவால் இல்லை, அக்கறையால். எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லிவிடுகிறார்கள். ஆசிரியர்கள் விடைத்தாளில் எழுதும் குறிப்புகளை ஆராய்ந்த நான்சி சாமர்ஸ் 1982-ல் இதை எழுதினார். ஒரே பத்தியின் ஓரத்தில், இந்த யோசனையை முழுக்க மாற்று என்றும் இருக்கும். அதே பத்திக்குள் கமாவைச் சரிசெய் என்றும் இருக்கும். மாணவன் எதைச் செய்வான்? கமாவைத்தான் சரிசெய்வான். அது சுலபம். ஓவனைப் போட்டுவிட்ட கதை இது.

அப்படியென்றால் பிழை திருத்தம் வேண்டாமா? வேண்டும், கடைசியில். கல்லில் ஊற்றுவதற்குச் சற்று முன்னால்தானே தண்ணீர் பதம் பார்க்கிறோம். அதிலும் ஆசிரியர் எழுதித் தர வேண்டியதில்லை. ரிச்சர்ட் ஹாஸ்வெல் 1983-ல் ஒரு வழி சொன்னார்: பிழை இருக்கும் வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு டிக் மட்டும் போடு, என்ன பிழை என்று சொல்லாதே. அவருடைய மாணவர்கள் பாதிக்கு மேற்பட்ட பிழைகளைத் தாங்களே கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள். செய்து பாருங்கள், நேரம் மிச்சம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, புளிக்காமலே தோசை கிடைக்கிறது. ஐந்து பக்கக் கட்டுரை ஒரு நிமிஷத்தில் தயார். ஆசிரியர்கள் வகுப்பிலேயே கையால் எழுத வைக்கிறார்கள், ஒவ்வொரு டிராஃப்டையும் சேர்த்து வாங்குகிறார்கள். என் கவலை ஏமாற்றுவதைப் பற்றியது இல்லை. மூன்றாம் பக்கத்து அந்த வாக்கியம் இனி எழுதப்படாமலே போய்விடுமோ என்பதுதான். சாப்பாட்டுப் பாக்கியைப் பற்றி எந்த நிரலும் நன்றாகவே எழுதும். அவன் அம்மா வீட்டில் வாய் திறக்காததை அது எழுதாது.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். கல்லூரி எழுத்தாசிரியர்களுக்காக 1949-ல் தொடங்கிய ‘ஃபோர் சீஸ்’ என்ற அமைப்பு, ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 பேர் என்றால் மிக நல்லது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 பேர் வகுப்பில் ஒரு டிராஃப்டுக்கு 20 நிமிஷம் என்றால் 8 மணி நேரம். படிக்கிற மாணவராக ஒரு வகுப்பு எடுத்தவர் சமாளித்துவிடுவார். பட்டம் வாங்கிய பிறகு, வகுப்புக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று கல்லூரிகளில் நான்கு வகுப்பு எடுப்பவருக்கு அதே வேலை 32 மணி நேரம். அவர் எதை விடுவார்? மதிப்பெண் போட வேண்டிய கடைசிப் பிரதியை விட முடியாது. முதல் டிராஃப்டைப் படிப்பதைத்தான் விடுவார். துறைத் தலைவர்கள் புது ஆசிரியர்களுக்கு உதவ நினைத்தால், ஆகஸ்ட் பயிற்சியை இன்னும் இரண்டு நாள் நீட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் நான்கைந்து நாற்காலிகளை வெளியே எடுத்துப் போடட்டும்.