ஒரே பழுதுக்கு எத்தனை முறை பணம் கட்டுவது? பட்டறையில் ஏமாறும் பயனீட்டாளருக்குச் சட்டம் தரும் வழி

கார் சூடாகிறது என்று பட்டறையில் விட்டால் தெர்மோஸ்டாட் மாற்றப்படுகிறது. இரண்டு வாரத்தில் மீண்டும் சூடாகிறது, இம்முறை ரேடியேட்டர். அடுத்த மாதம் வாட்டர் பம்ப். ஒவ்வொரு முறையும் பணம் கட்டியாகிவிட்டது. பழுது மட்டும் போகவில்லை.

'போர்மேன்' என்று பலரும் அழைக்கும் கார் மெக்கானிக்குகளில் நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் ஏராளம். அதே வேளை, ஒரே பழுதுக்குத் திரும்பத் திரும்பப் பணம் கட்டி ஓய்ந்துபோன குடும்பங்களும் உண்டு. பேருந்து எட்டாத தோட்டப்புறங்களில் கார் ஆடம்பரப் பொருள் அல்ல. இரவு வேலைக்குப் போவதும், அம்மாவை டயாலிசிசுக்கு அழைத்துப் போவதும் அந்தப் பழைய சாகாவையோ கஞ்சிலையோ நம்பித்தான். கார் ஒரு வாரம் பட்டறையில் நின்றால் ஒரு வாரச் சம்பளமே போகலாம்.

இருந்தும் புகார் செய்யப் பலர் தயங்குகிறார்கள். "நம்ம ஆளுதானே, பாதிப் பணத்தைக் கடன் சொல்லிச் செய்து கொடுத்தவர், கோயில் திருவிழாவில் முகத்தைப் பார்க்க வேண்டுமே" என்ற எண்ணம் ஒரு காரணம். "வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?" என்பது இன்னொரு காரணம். இரண்டாவது பயம் தேவையற்றது. பட்டறைக் கோரிக்கையை வக்கீல் இல்லாமல், 5 ரிங்கிட் கட்டணத்தில் விசாரிக்க இந்நாட்டில் ஒரு நடுவர் மன்றமே இருக்கிறது. ஆனால் அங்கே பேசப்போவது கையில் இருக்கும் தாள்கள்தான்.

தவறா, மோசடியா?

பழுது திரும்பி வந்தாலே மெக்கானிக் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டக் கூடாது. பதினைந்து, இருபது வருடக் காரில் ஒன்றைச் சரிசெய்ததும் இன்னொன்று கெடுவது இயல்பு. எஞ்சின் சூடாவதற்கே பல காரணங்கள் உண்டு. கூலண்ட் கசியலாம், தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொள்ளலாம், விசிறி சுழலாமல் போகலாம், வெறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்ததால் ரேடியேட்டரில் துரு அடைத்திருக்கலாம், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

கவனிக்க வேண்டியது, பொருளை மாற்றுவதற்கு முன் சோதனை நடந்ததா என்பதைத்தான். நல்ல மெக்கானிக் முதலில் அழுத்தம் கொடுத்து எங்கே கசிகிறது என்று பார்ப்பார். விசிறி உரிய வெப்பத்தில் சுழலத் தொடங்குகிறதா என்று நின்று கவனிப்பார். நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடி, சாலை நெரிசலில் நிற்கும்போது மட்டும் கார் சூடேறினால் அவருடைய சந்தேகம் முதலில் விசிறியின் மேல் போகும். ஓடும் காரில் எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும் காரில் அந்த வேலையை விசிறிதான் செய்ய வேண்டும்.

சோதிக்காமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது ஊகம். அந்த ஊகத்தின் செலவு முழுவதும் வாடிக்கையாளர் தலையில்தான் விழுகிறது. மாற்றாததை மாற்றியதாகச் சொல்வதும், பழைய பொருளைப் புதிது என்று பூட்டுவதும், கெடாததைக் கெட்டுவிட்டது என்பதும் மோசடி. மாற்றிய பழைய பொருளைக் காட்ட மறுப்பது, ரசீதில் "ரிப்பேர் 480" என்று மட்டும் எழுதுவது, ஒவ்வொரு முறையும் காரணத்தை மாற்றிச் சொல்வது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருள்களுக்கு மட்டுமல்ல, சேவைகளுக்கும் பொருந்தும். கார் பழுதுபார்ப்பும் சேவைதான். "நாங்கள் உத்தரவாதம் தருவதில்லை" என்று பட்டறைச் சுவரில் எழுதியிருந்தாலும் நான்கு உத்தரவாதங்களை அச்சட்டம் தருகிறது.

முதலாவது, வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். இரண்டாவது, எந்த நோக்கத்திற்காகக் காரை விட்டோமோ அந்த நோக்கம் நிறைவேற வேண்டும். மூன்றாவது, நாள் பேசப்படவில்லை என்றாலும் நியாயமான காலத்தில் முடிக்க வேண்டும். நான்காவது, விலை பேசப்படவில்லை என்றால் நியாயமான விலைதான் வாங்க வேண்டும்.

இரண்டாவது உத்தரவாதம் பலருக்குத் தெரியாது. பட்டறையில் விடும்போது "வாட்டர் பம்பை மாற்றுங்கள்" என்றால், பம்பை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று மெக்கானிக் வாதிடலாம். "கார் சூடாகிறது, அதைச் சரிசெய்யுங்கள்" என்றால், சூடாவது நிற்க வேண்டும் என்பதே பேசப்பட்ட நோக்கம். ஆகவே நோயைச் சொல்ல வேண்டும். மருந்தை மெக்கானிக்தான் சொல்ல வேண்டும்.

ஒரு பொருளோ சேவையோ தேவை என்று பொய்யாகச் சொல்வதையும், பழையதைப் புதியது என்று சொல்வதையும் இதே சட்டத்தின் 10ஆவது பிரிவு தடுக்கிறது. இவற்றைத் தவிர, பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தகவல்களை வெளிப்படுத்த வேண்டும் என்பதற்காகவே 2002இல் தனி விதிமுறைகள் கொண்டுவரப்பட்டன.

முதலில் அதே பட்டறைக்கு

கோபத்தில் பலர் செய்யும் தவறு, காரை நேராக வேறு பட்டறைக்கு இழுத்துப் போய்ப் பிரித்துவிடுவது. பிறகு முதல் மெக்கானிக், "அவன் கை வைத்துத்தான் கெட்டது" என்று சொல்லிவிடலாம். அதை மறுக்க ஆதாரம் இருக்காது.

சரிசெய்யக்கூடிய குறை என்றால், அதைச் செய்தவரே நியாயமான காலத்தில் சரிசெய்ய வேண்டும் என்று கோருவதே சட்டம் காட்டும் முதல் படி. அவர் மறுத்தாலோ இழுத்தடித்தாலோ வேறு இடத்தில் சரிசெய்து, அதன் நியாயமான செலவை அவரிடம் கேட்கலாம். அல்லது ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆக, வாய்ப்புக் கொடுத்ததற்குச் சாட்சி தேவை. வாட்ஸ்அப் செய்தியே போதும். சண்டை வேண்டாம், மரியாதையாகவே எழுதலாம்:

"அண்ணே, மார்ச் 4ஆம் தேதி கார் சூடாவதற்காக வாட்டர் பம்ப் மாற்றி 320 ரிங்கிட் கட்டினேன். 19ஆம் தேதி மறுபடி அதே மாதிரி சூடாகிறது. காரணத்தைச் சோதித்து ஏழு நாளுக்குள் சரிசெய்து கொடுங்கள். முடியாவிட்டால் வேறு பட்டறையில் செய்து அந்தச் செலவைக் கேட்க வேண்டி வரும்."

இதில் தேதி, தொகை, பழுது, கெடு நான்கும் இருக்கின்றன. தொலைபேசியில் எத்தனை முறை பேசினாலும் இந்த ஒரு செய்திக்கு ஈடாகாது.

கெடு முடிந்தும் பயனில்லை என்றால் இரண்டாவது பட்டறைக்குப் போகலாம். அங்கே முதல் வேலை பழுதுபார்ப்பு அல்ல, எழுத்துப்பூர்வமான சோதனை அறிக்கை. என்ன கோளாறு, முன்பு மாற்றியதாகச் சொல்லப்பட்ட பொருள் உண்மையில் புதியதா, அந்த வேலைக்குத் தேவை இருந்ததா என்பதைப் பட்டறை முத்திரையுடன் எழுதித் தரக் கேட்க வேண்டும். பிரிப்பதற்கு முன்பும் பின்பும் படம் எடுத்து, கழற்றிய பொருளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஊசி சிவப்பில் இருக்கும்போது "வீடு வரைக்கும் போய்விடலாம்" என்று ஓட்டக் கூடாது. அதிகச் சூட்டில் எஞ்சினின் ஹெட் வளைந்தால் செலவு பல மடங்காகும். எச்சரிக்கை தெரிந்தும் ஓட்டியதால் வந்த சேதம் என்று மெக்கானிக் அதையே தமக்குச் சாதகமாக்கிக் கொள்வார்.

காரைத் தராமல் பிடித்து வைத்தால்?

"பணம் கட்டினால்தான் சாவி" என்று பட்டறைக்காரர் சொல்வது முழுக்கச் சட்டவிரோதம் அல்ல. தம் உழைப்பைச் செலுத்தி வேலை செய்தவர், அதற்குரிய கூலி கிடைக்கும் வரை அப்பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்ள 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 124ஆவது பிரிவு இடம் தருகிறது. சண்டை போட்டுக் காரை எடுக்கப் போனால் பிரச்சினை நம் பக்கம் திரும்பிவிடும்.

கார் அவசரமாகத் தேவை என்றால் பணத்தைக் கட்டி, ரசீதிலேயே "இத்தொகையை ஏற்கவில்லை, ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிப் படம் எடுத்துக்கொள்ளலாம். எழுத விடவில்லை என்றால் அதே நிமிடத்தில் அதே வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். கட்டியதால் உரிமை போய்விடாது; பணத்தைப் பிறகு கோரலாம்.

5 ரிங்கிட்டில் ஒரு வழக்கு

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம், உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்குகிறது. முன்பு 25,000 ரிங்கிட்டாக இருந்த கோரிக்கை வரம்பு 2019இல் 50,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கை பதிவாக வேண்டும். முதலாம் பாரத்தைப் பூர்த்தி செய்து 5 ரிங்கிட் கட்ட வேண்டும். இணையம் வழியும் பதியலாம். இரு தரப்புக்கும் வழக்கறிஞர் வாதாடுவதில்லை. மெக்கானிக்கும் தாமே வந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தெர்மோஸ்டாட் 150, ரேடியேட்டர் 480, வாட்டர் பம்ப் 320 என மொத்தம் 950 ரிங்கிட் கட்டியாகிவிட்டது. இரண்டாவது பட்டறை சோதித்தபோது விசிறியின் ரிலே மட்டும்தான் பழுது என்று தெரிந்து, 60 ரிங்கிட்டில் கார் சரியானது. இங்கே வீணாகச் செய்த வேலைகளின் தொகை, சரிசெய்ய ஆன 60 ரிங்கிட், காரை இழுத்துப் போன செலவு ஆகியவற்றை ரசீதுகளுடன் கோரலாம். எவ்வளவு கிடைக்கும் என்பது ஆதாரத்தைப் பொறுத்தது. ரேடியேட்டரும் உண்மையிலேயே அடைத்திருந்தது என்று மெக்கானிக் காட்டினால் அந்தத் தொகை குறையலாம்.

பாரத்தில் யார் மேல் கோரிக்கை என்பதைச் சரியாக எழுத வேண்டும். பெயர்ப்பலகையில் இருப்பது ஒரு பெயர், நிறுவனமாகப் பதிவானது வேறு பெயர் என்பது உண்டு. ரசீதிலும் பலகையிலும் உள்ள பதிவு எண்ணைக் குறித்து வைத்தால் எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையத்தில் சரிபார்க்கலாம்.

விசாரணையின்போது சமரசத்துக்கும் வாய்ப்பு தரப்படும். பாதிப் பணமாவது உடனே கிடைத்தால் போதுமா என்பதை வீட்டிலேயே யோசித்துவிட்டுப் போவது நல்லது. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றத் தவறுவது குற்றம். அதற்கு அபராதமும் சிறையும் விதிக்கப்படலாம்.

இரண்டு வரம்புகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரேக் வேலை சரியில்லாமல் விபத்தாகி யாருக்காவது காயமோ மரணமோ நேர்ந்தால், அதற்கான இழப்பீட்டை இந்த மன்றம் விசாரிக்காது. அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். வாடகைக்கு ஓட்டும் லாரி போன்ற வணிக வாகனங்கள் பயனீட்டாளர் கோரிக்கையில் அடங்குவதும் கடினம். அத்தகையவர்கள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழிமுறையை நாடலாம்.

பணத்தைத் திரும்பப் பெறுவது நடுவர் மன்றத்தின் வேலை. பட்டறையின் ஏமாற்று நடவடிக்கையை விசாரிப்பது அமைச்சின் அமலாக்கப் பிரிவு. அமைச்சுக்கு 1-800-886-800 என்ற எண்ணில் புகார் செய்யலாம். நல்ல பொருளைக் கழற்றி எடுத்துவிட்டார்கள் என்பதற்கு ஆதாரம் இருந்தால் போலீஸ் புகாரும் செய்யலாம். பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளிடம் ஆலோசனை கேட்கலாம்.

முகநூலிலும் டிக்டாக்கிலும் பட்டறைப் பெயரைப் போட்டுத் திட்டினால் ஆறுதல் கிடைக்கலாம், பணம் கிடைக்காது. சொன்னதை நிரூபிக்க முடியாவிட்டால் அவதூறு வழக்குதான் வந்து சேரும்.

சாவியைக் கொடுக்கும் முன்

இவ்வளவு அலைச்சலையும் தவிர்க்க, சாவியைக் கொடுக்கும்போதே ஐந்து நிமிடம் செலவிட்டால் போதும்:

- பழுதின் அறிகுறியையும், எப்போது வருகிறது என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.
- மதிப்பீட்டுத் தொகையை எழுத்தில் கேட்க வேண்டும். "இதற்கு மேல் போனால் கேட்காமல் செய்ய வேண்டாம்" என்றும் சொல்லிவிட வேண்டும்.
- போடுவது ஒரிஜினலா, ஓஇஎம்மா, பழைய காரில் கழற்றியதா என்பது ரசீதில் இருக்க வேண்டும். பழைய பொருள் போடுவது தவறல்ல. சொல்லாமல் போடுவதுதான் தவறு.
- மாற்றிய பழைய பொருளைத் திருப்பிக் கேட்க வேண்டும்.
- பொருள் விலை, கூலி, உத்தரவாதக் காலம் மூன்றும் ரசீதில் தனித்தனியாக இருக்க வேண்டும்.
- வேலைக்கு முன் கிலோமீட்டர் அளவையும் எஞ்சின் பகுதியையும் படம் எடுத்து வைக்க வேண்டும்.

"என்ன தம்பி, என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று மெக்கானிக் கேட்கக்கூடும். "நம்பிக்கை இருக்குண்ணே, வீட்டுக் கணக்குக்கு வேணும்" என்று சொன்னால் போதும். ஒழுங்காக வேலை செய்பவருக்கும் அந்த ரசீது பாதுகாப்புதான். தாம் செய்யாத வேலைக்கு நாளை அவர்மேல் பழி வந்தால், அவரைக் காப்பாற்றுவதும் அதே தாள்தான்.