போன கேஸ் எங்கே போகிறது?

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், மார்கழி விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். இரவெல்லாம் வெட்டவெளியில் நின்ற பைக்கின் சீட் பனியில் நனைந்து கிடக்கும். நாலடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்ற பைக்கின் சீட் காய்ந்திருக்கும். இரண்டையும் சூழ்ந்திருந்தது ஒரே காற்று, ஒரே ஈரப்பதம். பிறகு ஏன் ஒன்று மட்டும் நனைந்தது?

வெட்டவெளியில் நின்ற சீட் இரவு முழுக்கத் தன் வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக அந்த வெப்பம் மேலே போனது. போகப் போக சீட் சுற்றியிருந்த காற்றைவிடவும் குளிர்ந்தது. காற்றிலிருந்த ஈரம் அதன்மேல் படிந்தது. மரத்தடியில் நின்றதற்கு அப்படி நேரவில்லை. மேலே போன கதிரை இலைகள் வாங்கிக்கொண்டு, தங்கள் பங்குக்குத் திரும்பவும் கீழே அனுப்பிக்கொண்டிருந்தன.

பூமி முழுவதும் இரவும் பகலும் செய்துகொண்டிருப்பது இதைத்தான். சூரியனிடம் வாங்கிய வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்குத் திருப்பித் தருகிறது. வழியில் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அதில் பெரும்பகுதியைப் பிடித்துவைக்கின்றன. அவை அதிகம் தொடாமல் விடும் இடைவெளி ஒன்று உண்டு: 8 முதல் 12 மைக்ரான் வரையிலான அலைநீளம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளி வழியாகத் தரையின் வெப்பம் தடையில்லாமல் விண்வெளிக்குப் போய்விடுகிறது. வளிமண்டல ஆய்வாளர்கள் அதை ஜன்னல் என்றே அழைக்கிறார்கள். பைக் சீட்டில் படிந்த பனி, அந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்பதற்குக் கையால் தொட்டுப் பார்க்கக் கூடிய சாட்சி.

குளிர்சாதனப் பெட்டிக்குள் ஓடும் வாயு இந்த ஜன்னலில் திரை கட்டுகிறது என்று 1975-ல் கணக்கிட்டுச் சொன்னவர் வீரபத்ரன் ராமநாதன். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். அவருடைய வாழ்க்கையை இந்தப் பகுதியில் வைத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலை குளிர்சாதனப் பெட்டிகளைச் செய்கிறது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயிலும் ஒரகடம் ரெனோ ஆலையிலும் ஏசி பொருத்திய கார்கள் வரிசையாக வெளியே வருகின்றன. குழாயைப் பற்றவைப்பது, கசிவு பார்ப்பது, கேஸ் நிரப்புவது எல்லாம் இங்கே ஆயிரக்கணக்கானோருக்கு அன்றாட வேலை. ராமநாதனும் அந்த வேலையிலிருந்து வந்தவர்தான்.

அவருக்குப் பதினோரு வயதிருக்கும்போது குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. புதிய பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆசிரியர் சொல்வது புரியாததால் கேட்கும் பழக்கமே விட்டுப்போயிற்று என்றும், எதையும் தானாகவே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வகுப்பில் போய் உட்கார்ந்த எத்தனையோ பேருக்கு அந்த மௌனம் தெரியும்.

பட்டம் பெற்றதும் செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி நிறுவனம் ஒன்றில் வேலை. பெட்டிகளிலிருந்து கேஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் கசிந்துவிடுகிறது என்று பார்ப்பதுதான் அவருக்குக் கொடுத்த பொறுப்பு. அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதுகலை முடித்து, 1970-ல் அமெரிக்காவில் ஸ்டோனி புரூக்கிலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போனார். பொறியியல் ஆய்வு செய்வதாக எண்ணித்தான் போனார். ஆனால் அவருடைய பேராசிரியர் ராபர்ட் செஸ் அந்த நேரத்தில் தன் துறையையே மாற்றிக்கொண்டு, கோள்களின் வளிமண்டலங்களை ஆராயத் தொடங்கியிருந்தார். மாணவரும் கூடவே போக வேண்டியதாயிற்று. வாயுக்கள் வெப்பக் கதிரை எப்படிப் பிடிக்கின்றன, எப்படி விடுகின்றன என்னும் கணக்கு அப்படித்தான் அவர் கைக்கு வந்தது.

1974-ல் மாரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் இருக்கும் குளோரோஃப்ளூரோகார்பன் வாயுக்கள் பல பத்தாண்டுகள் காற்றில் அழியாமல் நின்று, மெல்ல மேலேறி, ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்றது அது. உலகம் ஓசோனைப் பற்றிப் பேசத் தொடங்கியது. ராமநாதனுக்கு வேறொரு கேள்வி எழுந்தது. தான் ஒரு காலத்தில் துரத்திய கசிவு அத்தனை வருடம் காற்றில் நிற்குமானால், வெப்பக் கதிரை அது என்ன செய்யும்?

அப்போது அவர் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் இருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த வாயுவின் ஒரு மூலக்கூறு, கார்பன் டை ஆக்சைடின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கும் மேலான வேலையைச் செய்கிறது என்று விடை வந்தது. இப்படிப்பட்ட வாயுக்கள் ஒவ்வொன்றும் காற்றில் நூறு கோடிக்கு இரண்டு மூலக்கூறு என்ற அளவை எட்டினாலே பூமியின் வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி உயரக்கூடும். 1975 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் அது வெளியானது.

பத்தாயிரம் என்பது நம்ப முடியாத எண்ணாகத் தோன்றும். கூரை வேய்வதை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். ஏற்கெனவே பத்து வரிசை கீற்று வேய்ந்த இடத்தில் இன்னொரு கீற்றைச் செருகினால் உள்ளே இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. பொத்தல் விழுந்த இடத்தில் ஒரே ஒரு கீற்றை வைத்துப் பாருங்கள், அறை இருட்டிவிடும். கார்பன் டை ஆக்சைடு முக்கியமாகப் பிடிப்பது 15 மைக்ரானை ஒட்டிய கதிர்களை. அங்கே காற்று ஏற்கெனவே கெட்டியாக வேய்ந்த கூரை. புதிதாகச் சேரும் மூலக்கூறு ஓரங்களில்தான் வேலை செய்ய முடியும். கார்பனும் ஃப்ளூரினும், கார்பனும் குளோரினும் பிணைந்திருக்கும் பிணைப்புகளோ 8 முதல் 12 மைக்ரானுக்குள் அதிர்கின்றன. அதாவது நேராகத் திறந்த ஜன்னலில் போய் நிற்கின்றன. பைக் சீட்டைக் குளிர வைத்த அதே ஜன்னல்.

இன்னொரு வருத்தமான உண்மையும் இதில் உண்டு. இந்த வாயுக்களை யாரும் கெட்ட எண்ணத்தில் கண்டுபிடிக்கவில்லை. முதல் குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியாவும் சல்ஃபர் டை ஆக்சைடும் இருந்தன. கசிந்தால் வீட்டிலிருப்பவர் உயிருக்கே ஆபத்து. 1930-ல் தாமஸ் மிட்ஜ்லி புதிய வாயுவை மூச்சாக இழுத்து, அதையே ஊதி மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். நச்சில்லை, எரியாது என்பதை ஒரே மூச்சில் நிரூபித்தார். எதனோடும் எளிதில் சேராத அதன் இன்னொரு குணம்தான் அதை ஒரு நூற்றாண்டு காற்றில் நிறுத்திவைக்கிறது.

ஓசோனுக்காக 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 2010-க்குள் இந்தியாவும் பழைய வாயுக்களைக் கைவிட்டது. ஓசோன் ஓட்டையும் புவி வெப்பமும் ஒன்றென்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு கேடுகள். பழைய கேஸ் இரண்டையும் செய்தது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் ஜன்னலை விடவில்லை. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-134ஏ, ஏறத்தாழ 1,400 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சாலையோர மெக்கானிக் "கேஸ் போயிடுச்சு சார், ரொப்பணும்" என்று சொல்லும்போது, கார் ஏசியிலிருந்து போனது அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெப்பக் கணக்கில் அது சுமார் 300 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்கு ஈடு. இன்று பல வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளின் பின்புறம் ஆர்-600ஏ என்று அச்சிட்டிருக்கும். அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸ் சிலிண்டரிலும் கலந்திருக்கும் வாயு. அதன் வெப்பப் பங்கு மிகச் சொற்பம். இந்த மாற்றம் எனக்கு உண்மையான மகிழ்ச்சி தருகிறது.

ராமநாதன் அங்கேயே நின்றுவிடவில்லை. 1980-ல் ரோலண்ட் மேடனோடு சேர்ந்து, 2000-ம் ஆண்டுக்குள் புவி வெப்பம் அளவீடுகளில் தெளிவாகத் தெரியத் தொடங்கும் என்று முன்கூட்டிச் சொன்னார், அப்படியே ஆயிற்று. 1999-ல் பால் குரூட்சனோடு சேர்ந்து இந்தியப் பெருங்கடலின்மேல் பெரிய ஆய்வொன்றை நடத்தினார். தெற்காசியாவின் டீசல் புகையும் விறகடுப்புப் புகையும் சேர்ந்து மூன்று கிலோமீட்டர் கனத்தில் பழுப்பு மூட்டமாகக் கடல்மேல் கிடப்பது அப்போது தெரிந்தது. ஸ்கிரிப்ஸ் கடலியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் பிற்காலத்தில் வேறு துறை மாணவர்களுக்கும் வகுப்பெடுக்கத் தொடங்கினார். பருவநிலையைச் சரிசெய்யும் வழிகளைப் பற்றிய பாடம் அது.

கசிவைப் பற்றிய பாடம் சட்டமாகவும் வந்துகொண்டிருக்கிறது. 2016-ல் கிகாலியில் ஆர்-134ஏ குடும்பத்தைக் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன. 2021-ல் இந்தியாவும் அதை ஏற்றது. 2028-ல் பயன்பாட்டை மேலே ஏறாமல் நிறுத்த வேண்டும். 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். இந்தப் பகுதி ஆலைகளின் கேஸ் நிரப்பும் வரிசைகளும், சாலையோர மெக்கானிக்கின் சிலிண்டரும் அந்தக் கணக்கில் அடக்கம்.

செகந்திராபாத்தில் அந்த இளம் பொறியாளர் தேடிய கசிவுக்குத் திரும்புவோம். அன்றைய பெட்டிகளில் பெரும்பாலும் ஓடியது ஆர்-12 என்னும் குளோரோஃப்ளூரோகார்பன். காற்றில் அதன் சராசரி ஆயுள் சுமார் நூறு ஆண்டு. கசிந்த வாயு ஓரிரு வருடங்களில் உலகம் முழுக்கச் சீராகக் கலந்துவிடும். 1960-களில் அந்தக் குழாய்களிலிருந்து போன கேஸில் பாதிக்கு மேல் இன்னும் காற்றிலேயே இருக்கிறது. இன்றிரவு ஒரகடத்தில் வெட்டவெளியில் நிற்கும் பைக்குகளின் மேலேயும் இருக்கும்.