சிடி பிளேயரை எடைக்குப் போடுமுன்

இளையராஜாவின் ‘திருவாசகம்’ 2005இல் வெளிவந்தபோது வாங்கிய சிடி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் இங்கே மேலூர் பக்கம்தான். அவர் அமைச்சராக இருந்ததாகச் சொல்லப்படும் மதுரையில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். அதனால் அந்தத் தட்டின் மேல் தனிப் பாசம். சில வருடங்களுக்கு முன்பு ஒரு ராத்திரி அதைப் போட்டபோது, இசை தணிகிற இடங்களில் எல்லாம் இடது ஸ்பீக்கரில் ‘உஸ்’ என்று இரைச்சல். அந்தப் பக்கத்துச் சத்தமும் மங்கிக் கிடந்தது. தட்டு போய்விட்டதோ என்று பதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

போயிருந்தது பிளேயரின் கடைசிக் கட்டம். சிடி பிளேயருக்கு இரண்டு வேலை. ஒன்று, லேசர் ஒளியால் தட்டைப் படித்து எண்களை எடுப்பது. மற்றொன்று, அந்த எண்களை ஸ்பீக்கருக்குப் போகக்கூடிய மின் அலையாக மாற்றுவது. இந்த இரண்டாவது வேலையைச் செய்யும் பகுதிக்கு டிஏசி என்று பெயர். பாட்டுப் பிரியர்கள் சுருக்கமாக ‘டாக்’ என்பார்கள். அதை ஒட்டியுள்ள சர்க்யூட்டில் சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் நிற்கும். அவற்றுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல உலரும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், மூடிய ஷோகேஸுக்குள் பல வருடம் உட்கார்ந்திருந்த பெட்டிக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் என் பிளேயர் தட்டை நன்றாகத்தான் படித்துக்கொண்டிருந்தது. படிக்கும் வேலையை அதனிடமே விட்டுவிட்டு, மாற்றும் வேலையை மட்டும் வெளியே ஒரு சின்னப் பெட்டியிடம் கொடுக்கலாம். அந்தப் பெட்டிதான் வெளி டாக்.

மாற்றுவது என்றால் என்ன? வாசலில் புள்ளி வைத்துக் கோலம் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவின்போது ஒரு விநாடி ஒலிக்கு 44,100 புள்ளிகள் வைக்கிறார்கள், இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக. ஒவ்வொரு புள்ளியின் உயரமும் 65,536 அளவுகளில் ஒன்று, இதைத்தான் 16 பிட் என்கிறார்கள். சிடியில் இருப்பது இந்தப் புள்ளிக் கணக்கு மட்டும்தான். அதில் இழை கிடையாது. டாக்தான் இழையை இழுக்கிறது. சிடி இசை படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும் என்று சிலர் சொல்வது சரியல்ல. மனிதக் காது கேட்கும் எல்லைக்குள், அந்தப் புள்ளிகள் வழியே போகும் வளைகோடு ஒன்றே ஒன்றுதான். நல்ல டாக் அதைக் கை நடுங்காமல் இழுக்கும். 1982இல் சிடி சந்தைக்கு வந்தபோது இது பெரும்பாடாக இருந்தது. பிலிப்ஸின் முதல் பிளேயரில் 16 பிட்டுக்குப் பதில் 14 பிட் சிப்பை வைத்து, கணக்கால் ஈடுகட்டினார்கள். இன்றைக்கு ஓரிரண்டு ஆயிரம் ரூபாய்ப் பெட்டியிலேயே நல்ல சிப் வருகிறது.

வாங்கப் போகுமுன் பிளேயரைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சிவப்பு, வெள்ளை சாக்கெட்டுகள் தவிர ‘கோஆக்ஸியல்’ என்று எழுதிய ஒற்றைத் துளையோ, ‘ஆப்டிகல்’ என்று எழுதிய சின்னச் சதுரக் கதவோ இருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் டாக் வாங்கிப் பயனில்லை. அப்படியானால் பரணில் ஏறித் தேடுங்கள். நம் வீடுகளில் ஒரு காலத்தில் வாங்கிக் குவித்த டிவிடி பிளேயர்கள் பலவற்றில் கோஆக்ஸியல் துளை உண்டு. ஆடியோ சிடியையும் அவை தாராளமாகப் படிக்கும். ஆனால் டிவியோடு இணைத்து, மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்தை ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். அது ‘ஆஃப்’ என்றிருந்தால் சத்தமே வராது. ‘பிசிஎம்’ என்று மாற்றுங்கள்.

கோஆக்ஸியலுக்குத் தனி கேபிள் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். டிவிடியோடு வந்த மூவர்ண கேபிளில் மஞ்சள் முனை இருக்கிறதே, படத்துக்கான அந்த 75 ஓம் கேபிளே இதற்குப் போதும். ஆப்டிகல் என்றால் கேபிள் முனையில் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி மாட்டியிருக்கும். அதைக் கழற்றாமல் அழுத்திச் சதுரக் கதவை உடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கழற்றி, ஒரு முனையை ஓடுகிற பிளேயரில் செருகினால் மறு நுனியில் செம்பொட்டு மாதிரி ஒளி தெரியும். ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்று கரண்ட் இரைச்சல் வருகிற வீடுகளில் ஆப்டிகல்தான் நல்லது. அதில் ஒளி மட்டுமே போகிறது, மின் தொடர்பே இல்லை. பிறகு டாக்கின் சிவப்பு, வெள்ளையை ஆம்ப்ளிஃபையரின் ‘ஆக்ஸ்’ துளையில் செருகினால் வேலை முடிந்தது. இசைத்தட்டுக்கான ‘ஃபோனோ’ துளையில் மட்டும் செருகிவிடாதீர்கள், சத்தம் சிதைந்துபோகும்.

கடையில் ஒரு விஷயத்தில் உஷார். செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆன யூஎஸ்பி டாக்குகள் நிறைய விற்கின்றன. யூஎஸ்பி துளை மட்டும் உள்ளது சிடி பிளேயருக்கு உதவாது.

டாக்கால் முடியாதவையும் உண்டு. பாட்டு எகிறிக் குதித்தால் கோளாறு லேசர் லென்ஸிலோ தட்டிலோ இருக்கிறது. தட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. ‘ஒரே சிடியில் 150 பாட்டு’ என்று வாங்கினோமே, அவை எம்பி3. ஆடியோ சிடியில் விநாடிக்கு 14 லட்சம் பிட்டுக்கு மேல் ஓடும். அந்தப் பாட்டுகளில் பெரும்பாலும் ஒன்றே கால் லட்சம்தான். சுருக்கும்போது நீக்கியதை எந்த டாக்கும் திருப்பித் தராது.

டாக்கை மாட்டியதும் என் வீட்டில் இரைச்சல் அடியோடு நின்றது. ‘திருவாசகம்’ தணிகிற இடங்களில் புடாபெஸ்ட் வாத்தியக் குழுவின் தந்திகள் இரண்டு பக்கமும் சமமாக எழுந்துவந்தபோது எழுந்து போய் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஆனால் அது பழுதான பிளேயர். கூடல்நகரில் இருக்கும் நண்பர் தானும் வாங்க நினைத்தார். அவருடைய பிளேயர் நல்ல நிலையில் இருந்தது. என் டாக்கை எடுத்துப் போய் அவர் ஆம்ப்ளிஃபையரில் அதையும் பிளேயரின் சொந்தச் சிவப்பு, வெள்ளையையும் வேறு வேறு துளையில் மாட்டினோம். சத்தம் கூடுதலாக இருப்பதே காதுக்கு நன்றாகத் தோன்றும் என்பதால் இரண்டின் அளவையும் சமன் செய்தோம். அவர் மகள் எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றித் திருப்பினாள். பத்து முறை கேட்டும் எது எதுவென்று எங்கள் இருவராலும் சொல்ல முடியவில்லை.

“அப்ப எனக்கு வேண்டாம்ங்கிறீங்களா?” என்றார். வேண்டாம் என்றேன். சுவர் மூலையில் ஒட்டி நின்ற அவருடைய ஸ்பீக்கர்களை இரண்டடி முன்னால் இழுத்து வைத்தோம். மூலையில் முட்டிக் குமுறிக்கொண்டிருந்த மிருதங்கத்தின் தொப்பி அடி அடியாகப் பிரிந்து கேட்டது.