தேடும் கலை – 9: ஒரே சட்டத்துக்கு மூன்று பெயர்

ஹைதராபாத்தில், மூசி ஆற்றங்கரையில் குவிமாடங்களோடு நிற்கும் உயர் நீதிமன்றக் கட்டடம் நிஜாம் காலத்தில், 1920-இல் திறக்கப்பட்டது. 1956 முதல் அது ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம். 2014-இல் மாநிலம் பிரிந்ததும் இரு மாநிலங்களுக்கும் பொதுவான ஹைதராபாத் உயர் நீதிமன்றம். 2019 ஜனவரி 1 முதல் தெலங்கானா உயர் நீதிமன்றம். கட்டடம் அசையவில்லை, பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. பழைய தீர்ப்பைத் தேடுகிறவருக்குச் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நீங்கள் அங்கே ஒரு ஜூனியர் வக்கீல் என்று வைத்துக்கொள்வோம். கட்சிக்காரர், தாத்தா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுத குடும்பம். 1950-ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டத்தின் 38-இ பிரிவுதான் அவருக்கு உயிர். பாதுகாக்கப்பட்ட குத்தகைதாரரை, சில வரம்புகளுக்கு உட்பட்டு, நில உரிமையாளராகவே கருதச் சொல்லும் பிரிவு அது. கணினியில் சட்டத்தின் இன்றைய முழுப் பெயரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுகிறீர்கள். கொஞ்சம் தீர்ப்புகள்தான் வருகின்றன.

தவறு அந்த மேற்கோள் குறியில் இருக்கிறது. குறிக்குள் என்ன போட்டோமோ, அதே சொற்கள் அதே வரிசையில் இருந்தால்தான் தீர்ப்பு அகப்படும். அந்த நீதிமன்றத்தைப் போலவே இந்தச் சட்டமும் பெயர் மாறியது. பிறந்தபோது ‘ஹைதராபாத்’ என்று தொடங்கியது, பிறகு ‘ஆந்திரப் பிரதேச (தெலங்கானா பகுதி)’ ஆனது, இப்போது ‘தெலங்கானா’. மூன்றிலும் மாறாத வால் ஒன்று உண்டு: ‘டெனன்சி அண்ட் அக்ரிகல்சுரல் லேண்ட்ஸ் ஆக்ட்’. குறியை அந்த வாலுக்கு மட்டும் போடுங்கள். மூன்று காலத்துத் தீர்ப்புகளும் சேர்ந்து வரும்.

அடுத்தது பிரிவு எண். ஒரு தீர்ப்பில் 38-இ, இன்னொன்றில் 38இ, வேறொன்றில் 38(இ). மூன்றையும் ‘ஆர்’ (அல்லது) போட்டு இணைத்து, மொத்தத்தையும் ஓர் அடைப்புக்குள் வைத்து, அதன் பிறகுதான் ‘ஆண்ட்’ (மற்றும்) போட்டுச் சட்டத்தின் பெயரோடு சேர்க்க வேண்டும். அடைப்பை விட்டால் பல தளங்கள் ‘ஆண்ட்’டை முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ளும், கடைசி எண் மட்டும் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ள, மற்ற இரண்டும் எந்தச் சட்டத்தின் 38-இ பிரிவையும் அள்ளி வரும்.

2008-இல் சுஷாந்த் சின்ஹா தொடங்கிய இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடல் தளத்தில் இந்தச் சொற்களின் கடைசி எழுத்தை இரட்டித்து, பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். வாக்கியத்தில் சாதாரணமாக வரும் ‘ஆண்ட்’, ‘ஆர்’ ஆகியவற்றோடு குழம்பாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு.

இந்த இணைப்புச் சொற்களுக்குப் பூலியன் என்ற பெயர் வந்தது ஜார்ஜ் பூல் என்ற கணித மேதையால். அவர் மனைவி மேரி, சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்டின் சகோதரர் மகள். அந்த எவரெஸ்ட் 1818-இல் நில அளவையை நடத்திய லாம்ப்டனிடம் உதவியாளராக வந்து சேர்ந்த ஊர் ஹைதராபாத்!

வேண்டாததை விலக்கும் ‘நாட்’ போடுவதற்கு முன் பத்து முறை யோசியுங்கள். வக்ஃப் நில வழக்குகள் வேண்டாம் என்று ‘நாட் வக்ஃப்’ போட்டால், “இது வக்ஃப் நிலம் அல்ல” என்று போகிற போக்கில் ஒரே ஒரு வரி எழுதிய தீர்ப்பும் காணாமல் போகும். உங்கள் கட்சிக்காரரைக் காப்பாற்றும் தீர்ப்பாக அதுவே இருந்திருக்கலாம்.

தேடலில் நழுவிப்போவதைப் பற்றி 1985-இல் பிளேர், மேரன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு என்னை இன்றும் உலுக்குகிறது. ஒரு பெரிய வழக்குக்காகச் சுமார் 40,000 ஆவணங்கள் கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. வேண்டியதில் முக்கால் பங்காவது கைக்கு வர வேண்டும் என்பது வக்கீல்களின் நிபந்தனை. வந்துவிட்டது என்றே நம்பினார்கள். உண்மையில் வந்தது ஐந்தில் ஒரு பங்குதான். அவர்கள் ‘விபத்து’ என்று தேடினார்கள். அதில் சம்பந்தப்பட்டவர்கள் எழுதிய ஆவணங்களிலோ அது ‘துரதிர்ஷ்டமான நிலைமை’.

நம் குத்தகைதாரரும் அப்படித்தான். தீர்ப்பு முழுக்க ‘ப்ரொடெக்டெட் டெனன்ட்’ என்று எழுதியிருப்பார்கள் என்று நம்பாதீர்கள். ‘பி.டி.’ என்று இரண்டே எழுத்தில் முடித்திருப்பார்கள். அதையும் ‘ப்ரொடெக்டெட் டெனன்ட்’டோடு ஒரு ‘ஆர்’ போட்டு இன்னோர் அடைப்புக்குள் சேர்த்துவிட்டு மறுபடி தேடுங்கள்.